என் மனைவி திருப்பி அனுப்பிய சரக்கு

என் மனைவி ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள் என்பதை ஆரம்பத்தில் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் யாராவது கேட்டால், "திண்டிவனம் ரோட்டுல ஒரு கம்பெனி, ஆபீஸ் வேலை" என்பேன். அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் கடலை விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் ஆபீஸில் இல்லை. ஷூவின் அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் பசை போட்டு ஒட்டுகிற வரிசையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள்.

கம்பெனி வெளிநாட்டுக்காரர்களுடையது. மானாவாரியாகக் கடலை போட்டுக்கொண்டிருந்த மேட்டு நிலத்தில் நீலத் தகரக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பின. கம்பெனி பஸ்கள் மேல்மலையனூர்ப் பக்கம், சிங்கவரம் பக்கம் என்று காலையிலேயே கிளம்பி, ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த பஸ்ஸில் எல்லாத் தெருப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து போனார்கள். எங்கள் வீட்டில் பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

எங்கள் குடும்பம் பயிர் வைக்கிற குடும்பம். பெரிய நிலமெல்லாம் இல்லை, ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இருந்தது. அவள் வேலைக்குப் போகப் போகிறேன் என்றதும் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏம்மா, செருப்பு ஒட்டவா போற?"

அந்தக் கேள்விக்குள், எந்த வேலையை எந்தத் தெருவில் இருப்பவன் செய்ய வேண்டும் என்கிற பழைய நினைப்பு முழுசாக இருந்தது. அவள்தான் பேசினாள்.

"ஷூ, மாமா. மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். பிடிக்கிறாங்க. இவரு கடைல இன்னா வருதுன்னு நீங்களே பாக்கறீங்களே."

அவள் சொன்னது நிஜம். தாலுகா ஆபீஸ் எதிரில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எல்லோர் கையிலும் போன் வந்து, எல்லா விண்ணப்பத்தையும் போனிலேயே போடப் பழகிய பிறகு, என் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெயிலுக்கு ஒதுங்கினவர்கள்தான். நைனாவுக்கு அது தெரியும். அதனால் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், நாலுமுனைச் சந்திப்பு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கியது.

"அத உள்ள போட்டுக்கோயேன்" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அட்டையை உள்ளே போடவில்லை. நேராகத் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டுக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினாள்.

நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தவன். வளரும் நாடுகளில் அந்நிய நேரடி முதலீடு என்ன செய்யும் என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதுவேன். பணம் மட்டும் வராது, வேலை வரும், தொழில்நுட்பம் வரும், அவர்களுக்குச் சரக்கு கொடுக்கிற உள்ளூர்ச் சிறுதொழில்கள் வளரும், அதனால் நாட்டின் வளர்ச்சி கூடும் என்று வரிசையாக எழுதி, கடைசியில், உள்ளூர்த் தொழில்களோடு ஒட்டாவிட்டால் அந்த முதலீடு தீவு மாதிரி தனியாக நின்றுவிடும் என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த ஒரு வரி இருந்தால்தான் முழு மார்க் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். படித்ததைத் தவிர எனக்கு அதில் எதுவும் தெரியாது.

இப்போது அது கண்ணெதிரில் நடந்தது. சம்பள நாள் வந்தால் செஞ்சி கடைவீதியில் பெண்கள் கூட்டம் தெரியும். மற்றவர் நிலத்தில் குனிந்தே வளர்ந்த வீடுகளின் பெண்கள் தங்கள் பெயரில் ஸ்கூட்டர் வாங்கினார்கள், தம்பிகளை இன்ஜினியரிங் சேர்த்தார்கள். கடலைக் கொல்லையில் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று எங்கள் பக்கத்து ஆட்கள் புலம்பினார்கள். "எல்லாம் ஷூ கம்பெனிக்குப் பூட்டாளுங்க" என்று நைனா டீக்கடையில் திட்டிவிட்டு வருவார். வீட்டில் மருமகள் வாங்கித் தந்த காற்றாடிக்குக் கீழே படுத்துக்கொள்வார். நானும் அதே காற்றாடிக்குக் கீழேதான் படுத்தேன்.

காலப்போக்கில் கடையை மூடிவிட்டேன். காலையில் சோறு வடித்து, மகளுக்குத் தலைவாரி, பள்ளிக்கு அனுப்புவது என் வேலையானது. மகளுக்குப் பின்னல் போடத் தெரியாமல், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அந்த அம்மா சிரிக்காமல்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் சிரிக்காததே எனக்கு என்னவோ போல இருந்தது.

அதற்குள் என் மனைவி ஒட்டுகிற வரிசையிலிருந்து தரம் பார்க்கிற பிரிவுக்கு மாறியிருந்தாள். அவளுக்கு மேலே ஒரு வெளிநாட்டு அதிகாரி. ஒல்லியான மனிதர். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, இவளுக்கும் அரைகுறை. அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே புரிந்தது. பெண்களிடமிருந்து அவர் "சரி", "போதும்", "இன்னா" என்று சில வார்த்தைகள் பிடித்து வைத்திருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் "இன்னா இது?" என்பாராம். அமாவாசை வந்தால் பாதிப் பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவதைப் பார்த்து முதலில் கத்தியிருக்கிறார். பிறகு தன் மேஜைக்குப் பின்னால் தமிழ்க் காலண்டர் ஒன்றை மாட்டி, அமாவாசைகளைச் சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டாராம். இதையெல்லாம் அவள் சாப்பிடும்போது சொல்லுவாள். மகள் சிரிப்பாள். நான் குழம்பு ஊற்றுவேன்.

அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த விஷயத்தையும் சொன்னாள். ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் போடும் மெத்தை, இன்சோல் என்பார்கள், அது கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானால் வரிசையே நின்றுவிடுகிறது. அதனால் துணியையும் மெத்தை ஷீட்டையும் கொடுத்து, இங்கேயே ஒட்டி வெட்டித் தரச் சின்னச் சின்ன யூனிட்டுகளைத் தேடுகிறார்கள்.

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. பரீட்சையில் நான் எழுதிய உள்ளூர்ச் சிறுதொழில் நானே ஆகலாம் என்று தோன்றியது. அதைவிட, ஒரு காலையாவது சோறு வடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பலாமே என்று தோன்றியது.

அவளுடைய அண்ணன், என் மச்சான், சிங்கவரம் போகிற வழியில் ஒரு கடலைக் கிடங்கு வைத்திருந்தார். வியாபாரம் படுத்து அது பாதி காலி. நான் சொன்னதும் அன்றைக்கே கூட்டிப் பெருக்கிவிட்டார். ஆம்பூர்ப் பக்கம் பழைய வெட்டு மெஷின் ஒன்றைப் பிடித்தோம். இன்சோல் வடிவத்தில் வெட்டுகிற அச்சைக் கம்பெனி கொடுத்தது. சிங்கவரத்திலிருந்து சில பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கம்பெனியில் வயது அதிகம் என்று எடுக்காதவர்கள், பஸ் நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவர்கள். அவர்களில் மூத்தவளான ஒருத்தி கொல்லை வேலையில் பேர் போனவள். களை எடுப்பதில் அவள் இருக்கிற வரிசைதான் முன்னால் போகும் என்பார்கள். வந்த முதல் நாளே, "ணா, இங்க குனியவே வேணாமா?" என்று கேட்டாள். மெஷின் மேஜையின் உயரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

மாதிரிக்குக் கொடுத்தது தேறிவிட்டது. முதல் சரக்குக்கு ஆர்டர் வந்தது. மச்சான் கிடங்கு வாசலில் மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் பஸ் ஸ்டாண்டில், யாரும் கேட்காமலே, "யூனிட் போட்டிருக்கோம். ஃபாரின் கம்பெனிக்குச் சப்ளை" என்றேன்.

சரக்கு பாதி முடிந்திருக்கும்போது அமாவாசை வந்தது. வெளிநாட்டு அதிகாரி காலண்டரில் வட்டம் போட்டு வைத்ததை நாங்கள், உள்ளூர்க்காரர்கள், மறந்துவிட்டோம். பெண்கள் யாரும் வரவில்லை. நானும் மச்சானும் இறங்கினோம். காய வேண்டிய பசை காய்வதற்குள் அடுத்ததை அடுக்கினோம். சீக்கிரம் முடியட்டும் என்று ஷீட்டுகளைத் தடிமனாக அடுக்கி மெஷினில் வைத்தோம். மேலே இருக்கிறது சரியாக வெட்டுப்படும். கீழே இருக்கிறது இழுத்துக்கொண்டு கோணலாகப் போகும். அது எங்களுக்குத் தெரியவில்லை. மேலே இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பெட்டி கட்டினோம்.

அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். தங்கை கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"நாளைக்கு நம்ம பொட்டி வருது. நீதான பாப்ப?"

"நானும் பாப்பேன்."

"பாத்துச் செய் பாப்பா."

அவள் என் பக்கம் திரும்பி, "நல்லா காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"காஞ்சுது" என்றேன். மெய்யாகவே காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் டெம்போவில் பெட்டிகளோடு நானே போனேன். கம்பெனிக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சரக்கு இறக்குகிற இடத்தில் நீளமான இரும்பு மேஜை. நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலைமுடியை வலைக்குள் செருகிக்கொண்டு அவள் வந்தாள். வீட்டில் காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவன் நான். அவளைப் பார்த்ததும் எனக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். மேலே இருந்ததை எடுக்காமல் கையை அடிவரைக்கும் விட்டு எடுத்தாள். அளவு அட்டை மேல் வைத்துப் பார்த்தாள். வளைத்தாள். ஓரத்தில் நகத்தால் லேசாக நெம்பினாள். துணி தனியாக உரிந்து வந்தது. அதை இடது பக்கம் வைத்தாள். அடுத்ததையும் இடது பக்கம். இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். வலது பக்கம் ஏதோ கொஞ்சம் சேர்ந்தது. இடது பக்கக் குவியல் சரிந்து மேஜையிலிருந்து விழ ஆரம்பித்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் வேலை செய்கிற மாதிரியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியும்.

அந்த ஒல்லி மனிதர் வந்தார். கீழே விழுந்த ஒன்றை எடுத்தார். துணி ஒரு பக்கமும் மெத்தை ஒரு பக்கமும் தொங்கியது.

"இன்னா இது?" என்றார்.

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சரக்கு யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "மை ஹஸ்பண்ட் சார்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். தவறான நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி அவர்தான் சங்கடப்பட்டார். அவளிடம், நீயே முடிவு செய் என்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவள் சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒவ்வொரு பெட்டி மேலும் நேராக, சுருக்கம் விழாமல், கையால் நீவி ஒட்டினாள். மகள் பள்ளி நோட்டுக்கு அட்டை போடும்போது செய்வது மாதிரியே இருந்தது. பிறகு என்னிடம், வேற்று ஆளிடம் பேசுகிற குரலில், "ஏத்திக்கோங்க" என்றாள்.

டெம்போ டிரைவரும் நானும் ஏற்றினோம். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தி, உள்ளே போன சரக்கு ஏன் வெளியே வருகிறது என்று கேட்டார். சிவப்பு ஸ்டிக்கரைக் காட்டினேன். "ஓ, ரிஜெக்ட்டா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். டிரைவர் வழியெல்லாம் பாட்டுப் போடாமல் வந்தார். செஞ்சிக்குள் நுழையும்போது, பெட்டிகளை மறைக்கத் தார்ப்பாய் இருக்கிறதா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வழக்கமான பஸ்ஸில் வந்தாள். முகம் கழுவினாள். நான் சோறு போட்டேன். மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போது மச்சான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கூடப் பொறந்தவன்னு பாக்கலியே பாப்பா நீ."

"பாத்தேன்ணா" என்றாள். "அதனாலதான் எல்லாப் பொட்டியிலயும் ரெண்டு தடவ பாத்தேன். வேற யாரு சரக்கா இருந்தாலும் மொதப் பொட்டிலியே திருப்பி இருப்பேன்."

"கொஞ்சம் கண்டுக்காம உட்ருந்தா இன்னா ஆயிருக்கும்? வெள்ளக்காரன் காலு வலிக்குமா?"

"அது வரைக்கும் போவாதுணா. அடுத்த டேபிள்ல அத ஷூவுல ஒட்டுறா பாரு ஒரு பொண்ணு, அங்கயே பிஞ்சிக்கும். அவதான் பிச்சிட்டான்னு அவ தலய உருட்டுவாங்க. நான் அந்த டேபிள்ல நின்னவ. எனக்குத் தெரியும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தட்டைத் தேய்க்காமல் நின்றேன். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. ஊரில் எல்லோரும் பார்க்க என் மனைவி என் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டாவது திரிந்திருப்பேன். அவள் செய்தது சரி என்று தெரிந்த பிறகு, அவமானத்தைத் தூக்கிப் போட ஒரு இடமும் இல்லாமல் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வாசலில் கம்பெனிக் கார் வந்து நின்றது. அந்த அதிகாரியும் என் மனைவியும் இறங்கினார்கள். எங்களைத் தூக்கிவிட வந்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. நீங்கள் இங்கே ஒழுங்காகச் செய்தால் நான் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னார். அவள் அதைத் தமிழில் சொன்னாள். மச்சான் தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்து, தங்கைக்கு முன்னால் போட்டார். அவள் உட்கார்ந்தாள். நான் டீ வாங்கிவந்து கொடுத்தேன். சிங்கவரம் பெண்கள் அதைப் பார்த்தார்கள், ரோட்டில் போனவர்களும் பார்த்தார்கள். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினில் கொஞ்சமாக ஷீட் வைத்து வெட்டிக் காட்டினார். பசை போட்டதைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடச் சொன்னார். கொல்லை வேலைக்காரி அவரிடமே நேராகக் கேட்டாள்: "மழ பேஞ்சா?" என் மனைவி மொழிபெயர்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார், யோசித்தார். பிறகு தமிழிலேயே "சரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரத்தில் அதுதான் நான் சிரித்த ஒரே சிரிப்பு.

அடுத்த சரக்கில் அவள் இடது பக்கம் அதிகம் வைக்கவில்லை. அதற்கடுத்தது முழுக்கத் தேறியது. மெல்ல மெல்ல ஆர்டர் கூடியது. கிடங்கில் மீதி இருந்த கடலை மூட்டைகளையும் மச்சான் வெளியேற்றினார். இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களைக் களைக்கும் அறுப்புக்கும் கூப்பிட வந்தவர்களிடம், "நாங்க கம்பெனி வேலைல இருக்கோம், வரமாட்டோம்" என்று அவர்களே சொல்லி அனுப்புவதை நான் உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன். கூப்பிட வந்தவர்களில் ஒருநாள் நைனாவும் இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஷீட் எண்ணினேன். அப்போதும் வெட்கம்தான். ஆனால் அதற்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரி ஷூ கம்பெனில தரம் பாக்குறா" என்று தெளிவாகச் சொல்லப் பழகியிருந்தேன்.

ஒருநாள் காலை நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் கிளம்பவில்லை.

"இன்னா?" என்றேன்.

"நம்மகிட்ட எடுக்கறத நிறுத்தறாங்க."

"யாரு?"

"கம்பெனி. அவங்க ஊருல வாங்கறவங்க கொறச்சிட்டாங்களாம். புது மாடல் வருது. அதுக்கு உள்மெத்தை வேற மாதிரி, அங்கயே அச்சுல ஊத்தி வருது. வெட்டற வேலயே இல்ல."

"நம்ம சரக்குல ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்குது." அவள் கழுத்து நாடாவை விரலில் சுற்றினாள். "அந்த சாருக்கே கஷ்டந்தான். அவரால ஆவாது. எங்கியோ எடுக்கற முடிவு. என்னச் சொல்லச் சொன்னாரு."

கஞ்சி என் கையில் கொட்டியது. அவள் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தாள். பஸ்ஸை விட்டுவிட்டாள். அவள் பஸ்ஸை விட்டது எனக்குத் தெரிந்து அன்றைக்கு மட்டும்தான்.

சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்த அன்றுதான் பெரிய அவமானம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கிடங்கில் பெண்களிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அதன் முன்னால் அது ஒன்றும் இல்லை. மச்சான் அன்று வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். நான் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னேன். ஆர்டர் குறைவு, அங்கே வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், மாடல் மாறுகிறது என்று என்னென்னவோ சொன்னேன். கல்லூரியில் படித்த வார்த்தைகள்கூட நடுவில் வந்துவிட்டன. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

"அப்ப நாளைக்கு வரவேணாமா ணா?" என்றாள் கொல்லை வேலைக்காரி.

"வேணாம்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "கொல்லைக்குக் கூப்டாங்க, நாங்க வரலன்னுட்டோம். இப்ப அவங்க அறுக்கறதுக்கு மெஷின் புடிச்சிட்டாங்க, களைக்கு மருந்து அடிக்கிறாங்க. இனிமே நாங்களே போய் நின்னாலும் கூப்ட மாட்டாங்க ணா."

சண்டை போடுகிற தொனியில் அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விவரம் தெரியட்டும் என்கிற மாதிரி சொன்னாள். நான் அவர்களைக் கெடுக்க நினைக்கவில்லை. கம்பெனியும் நினைத்திருக்காது. எங்கோ கடல் தாண்டி யாரோ ஒரு ஷூவை வாங்காமல் கடையைவிட்டு வெளியே நடந்திருப்பார். அவருக்குச் சிங்கவரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்றது நான். அவர்கள் எழுந்து, வேலை முடிந்த எல்லா நாட்களிலும் செய்கிற மாதிரியே, தரையைக் கூட்டி, வெட்டுத் துண்டுகளை மூட்டையில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

அதன் பிறகு நான் ஒரு பையில் எங்கள் இன்சோல்களைப் போட்டுக்கொண்டு ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பல இடத்தில் பையைத் திறக்கவே விடவில்லை. ஆம்பூரில் உள்ளூர்க் கடைகளுக்குச் செருப்புச் செய்கிற ஒருவர், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். துணி உரிந்து வரவில்லை.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? சின்ன யூனிட்ல இப்படி வராதே."

"என் வீட்டுக்காரிகிட்ட" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை.

அவர் கொடுத்த ஆர்டர் சிறியது, கூலியும் குறைவு. ஆனால் மாதாமாதம் வருகிறது. அவர் வாங்குவது நம் ஊர்க் கால்களுக்காக. அது சட்டென்று நிற்காது என்று நம்புகிறேன், அதுவும் நிச்சயமில்லை. கிடங்கில் பாதியை மச்சான் திரும்பக் கடலைக்கு எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியில் மெஷின் ஓடுகிறது. பெண்களில் சிலர் திரும்ப வந்தார்கள். இளையவர்கள் இருவரை என் மனைவி கம்பெனியிலேயே ஒட்டுகிற வரிசையில் சேர்த்துவிட்டாள். கம்பெனியும் மூடவில்லை, புது மாடலில் நன்றாகவே ஓடுகிறது. புதிதாக ஒரு கொட்டகைகூடக் கட்டுகிறார்கள். செஞ்சியில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஊர் வளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

கொல்லை வேலைக்காரிக்கு மட்டும் இடம் கொடுக்க முடியவில்லை. கம்பெனியில் வயதைக் காரணம் சொன்னார்கள். எங்களிடம் அத்தனை பேருக்கு வேலை இல்லை. மெஷினில் நின்று பழகியவர்களை முதலில் கூப்பிட்டோம். அவள் ஒட்டுகிற பக்கம் இருந்தவள்.

போன வாரம் சிங்கவரம் போகிற வழியில் அவளைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் குடத்தோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் வேகத்தைக் கூட்டினேன். பிறகு என்னவோ நிறுத்திவிட்டேன்.

"சாப்டியா ணா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு." அவள் வண்டியில் கட்டியிருந்த ஷீட் சுருளைப் பார்த்தாள். "இது வேற மாதிரி இருக்குதே. மெல்லிசா."

"ஆம்பூருக்கு."

"மெல்லிசா இருந்தா சீக்கிரம் காயும்" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "யாருனா வேலய உட்டு நின்னுட்டா சொல்லி அனுப்பு ணா. நான் வூட்லதான் இருக்கேன்."

"சொல்றேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன். யாரும் நிற்கப் போவதில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.